மேஜையில் மூழ்கிய கப்பல் மிதந்த மர்மம்!

ஒன்பதை மூன்றாக்கிய அதிகாரி. பதில் கிடைக்காத ஒரு கேள்வி

மூழ்கிய கப்பல் மேலே வருமா?

வந்தது! ஒன்றல்ல, இரண்டு கப்பல் வந்தது. 1942-ம் ஆண்டு மே மாதம் ஜப்பானில் நடந்த சங்கதி இது. மந்திரம் இல்லை, மாயம் இல்லை. ஒரு பெரிய அதிகாரி கணக்கைத் திருத்தினார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அதே இரண்டு கப்பலும் நிஜக் கடலில் மூழ்கின. திருத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பட்டணம் ஓடிய மாதம்

ஜப்பான் கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்த காலத்தில் ‘ஜப்பான்காரன் குண்டு’ கதை கேட்டிருப்பீர்கள். 1942 ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திரிகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக்குப் பக்கத்துக் கடலில் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பலையும் முடித்து விட்டார்கள்.

அடுத்தது சென்னைதான் என்று பேச்சு கிளம்பியது. சர்க்காரே ஊரைக் காலி செய்யச் சொன்னது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரெயிலுக்கு ஓடினார்கள். தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன கதி என்று, மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டே கொன்றார்கள். பாவம், அதுகளுக்கு எந்த நாட்டுச் சண்டையும் தெரியாது.

கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கிய கப்பல் கூட்டத்தின் தளபதி பெயர் நகுமோ. அவர் ஏறி வந்த விமானம் தாங்கிக் கப்பல் ‘அகாகி’. இங்கே வேலையை முடித்துக் கொண்டு அது ஏப்ரல் பிற்பாதியில் ஜப்பானுக்குத் திரும்பிப் போய் விட்டது.

பத்து நாள் கூட ஆகவில்லை. அங்கே மேஜை போட்டு ஆட்டம் தொடங்கியது.

யமாட்டோவில் கூடினார்கள்

இடம்: ‘யமாட்டோ’ போர்க் கப்பல். 46 சென்டிமீட்டர் குண்டு சுடும் பீரங்கிகளோடு 1941 டிசம்பரில் சேவைக்கு வந்த ராட்சசக் கப்பல். ஹிரோஷிமா பக்கத்தில் ஹஷிரஜிமா என்ற தீவு ஓரம் நங்கூரம் போட்டு நின்றது. நாள்: மே 1 முதல் நான்கு நாள். வந்தவர்கள்: கடற்படைத் தளபதி யமமோட்டோ, அகாகியில் இருந்து நகுமோ, இன்னும் பெரிய பெரிய அதிகாரிகள்.

எதற்குக் கூட்டம்? பசிபிக் கடல் நடுவில் மிட்வே என்று ஒரு துக்கடாத் தீவு. அமெரிக்காவுக்குச் சொந்தம். அதன் மேல் பாய வேண்டும். அதைக் காப்பாற்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல்கள் ஓடி வரும். வந்ததும் மடக்கித் தீர்த்துவிட வேண்டும். இதுதான் திட்டம். நிஜத்தில் செய்வதற்கு முன்னால் மேஜை மேல் ஆடிப் பார்த்து விடுவோம் என்று உட்கார்ந்தார்கள்.

தாயக்கட்டையா என்று சிரிக்காதீர்கள்

மேஜையில் கடல் வரைபடம். கப்பலுக்குப் பதில் சின்னச் சின்ன காய்கள். ஒரு கட்சி ஜப்பான், ஒரு கட்சி அமெரிக்கா. நடுவில் நடுவர்கள். குண்டு பட்டதா, படவில்லையா என்பதைத் தீர்மானிக்க தாயக்கட்டை மாதிரி பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணைப் பட்டியலில் பார்த்து, இத்தனை குண்டு பட்டது, கப்பல் மூழ்கியது அல்லது தப்பியது என்று சொல்வார்கள்.

இதில் பகடை எதற்கு? சண்டையில் எல்லாமே கணக்குப்படி நடக்காது. மேகம் மறைக்கும். குறி தப்பும். அந்த அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு வேண்டும் அல்லவா? 1824-லேயே பிரஷ்யா நாட்டு ராணுவம் இந்த ஆட்டத்தை ஏற்றுக் கொண்டது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி செய்து காட்டியது. பிற்பாடு 1913-ல் இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆட விதிமுறை எழுதி புத்தகமே போட்டார். 1964-ல் ‘மிட்வே’ என்ற பெயரிலேயே அமெரிக்காவில் பெட்டி போட்டு விளையாட்டு விற்றார்கள்! மேல்நாட்டில் லீவு நாளில் ஆட்கள் கூடி உட்கார்ந்து நாள் முழுக்க இதை ஆடுகிறார்கள்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புதுச் சண்டை ஒன்றை ஆட்டமாகச் செய்தால், பலமுறை ஆடிப் பார்ப்பார்கள். கட்சி மாற்றி ஆடுவார்கள். ஒரே பக்கம் ஜெயித்துக் கொண்டிருந்தால் ‘எங்கேயோ தப்பு’ என்று விதியைத் திருத்துவார்கள். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் திருத்தினால் அதற்குப் பெயர் சோதனை. நடு ஆட்டத்தில் திருத்தினால் நம்ம ஊர் கேரம் போர்டில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்பதா, மூன்றா?

யமாட்டோவில் ஆட்டம் சூடு பிடித்தது. நகுமோவின் கப்பல்கள் மிட்வேயைத் தாக்குகின்றன. அந்த நேரம் பார்த்து, தீவில் இருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜப்பான் கப்பல்கள் மேல் குண்டு போடுகின்றன. ஒகுமியா என்ற அதிகாரி நடுவர். பகடையை உருட்டினார்.

ஒன்பது குண்டு பட்டது! அகாகி காலி. பக்கத்தில் ‘காகா’ என்ற இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலும் காலி.

தலைமை நடுவர் உகாகி. யமமோட்டோவுக்கு அடுத்தபடியாக எல்லாக் காரியத்தையும் கவனித்த ஆள். அவர் ஒன்பது செல்லாது என்று சொல்லி, மூன்றுதான் என்று மாற்றினார். உடனே அகாகி லேசான காயத்தோடு தப்பியது. காகா மட்டும் மூழ்கியது. அதுவாவது நிலைத்ததா? அடுத்த கட்டமாக பிஜி, நியூ கலிடோனியா தீவுகளைப் பிடிக்கும் ஆட்டம் வந்தபோது, காகா சுத்தமாக மேலே வந்து மற்ற கப்பல்களோடு கிளம்பிப் போனது.

கடையில் இருப்பு குறைந்தால் நோட்டில் எண்ணை மாற்றி எழுதும் கணக்குப்பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை!

சாட்சி நம்பத்தக்கவரா?

இவ்வளவும் வெளியே வந்தது எப்படி? 1951-ல் ஜப்பான் மொழியில் மிட்வே பற்றி ஒரு புத்தகம் வந்தது. 1955-ல் இங்கிலீஷிலும் வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் புச்சிடா, பேர்ல் துறைமுகத் தாக்குதலில் விமானங்களை நடத்திச் சென்றவர். இன்னொருவர் யார் தெரியுமா? பகடை உருட்டிய அதே ஒகுமியா!

கோர்ட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு இது உறுத்தும். சாட்சியே சம்பந்தப்பட்ட கட்சி. போதாக்குறைக்கு, அந்தப் புத்தகத்தில் புச்சிடா சண்டை நாள் பற்றி எழுதிய சில விஷயங்கள் ஜப்பான் கப்பல் குறிப்புகளோடு ஒத்துப் போகவில்லை என்று பார்ஷல், டல்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2005-ல் புத்தகம் போட்டு நிரூபித்தார்கள். ஆகவே கொஞ்சம் நிதானித்துத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. ஜூன் 4-ந் தேதி காலை மிட்வே தீவில் இருந்து அமெரிக்க விமானங்கள் நிஜமாகவே வந்தன. அலை அலையாக வந்தன. உயரத்தில் இருந்து குண்டு போட்டன. தாழ்வாகப் பறந்து நீர்மூழ்கிக் குண்டு விட்டன. ஒன்று கூட ஜப்பான் விமானம் தாங்கிக் கப்பல் மேல் படவில்லை!

அப்படியானால்? பகடை சொன்ன ஒன்பது தப்பு. உகாகி சொன்ன மூன்று கூட அதிகம். உயரப் பறக்கும் விமானம் ஓடும் கப்பலைக் குறி பார்த்து அடிப்பது சுலபம் அல்ல என்று உகாகி திருத்தியிருக்கலாம். ‘பகடையை மறைத்தான், நாடு தோற்றது’ என்று உகாகி மேல் மட்டும் கேஸ் போட்டால் அது நிற்காது.

பின்னே குற்றம் எங்கே?

பதில் இல்லாத கேள்வி

அதே மேஜையில், அதே உகாகி, நகுமோவின் ஆட்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். உங்கள் விமானங்கள் எல்லாம் மிட்வேயைத் தாக்கப் போயிருக்கும் நேரத்தில், எதிரியின் விமானம் தாங்கிக் கப்பல் பக்கவாட்டில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

வந்த பதில் மழுப்பல். வந்தால் ஒரே தட்டில் தட்டி விடுவோம் என்ற தோரணை. அது வரை போன இடம் எல்லாம் வெற்றி. பேர்ல் துறைமுகம், கொழும்பு, திரிகோணமலை! தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. உகாகி எச்சரித்தார். யமமோட்டோவும், கப்பலைத் தாக்குவதற்கென்று பாதி விமானங்களை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றார். கூட்டம் கலைந்தது.

பகடை பொய் சொன்னாலும் மேஜை நிஜம் சொன்னது. எந்தப் பக்கம் ஓட்டை என்று காட்டியது. அந்த இடத்தை மறுபடி மறுபடி ஆடிப் பார்த்திருக்க வேண்டும். ஆடவில்லை. என் கணக்கில் குற்றம் அங்கேதான்.

ஜூன் 4

ஜப்பான் ரகசியச் சங்கேதத்தை அமெரிக்கர்கள் ஏற்கனவே உடைத்துப் படித்து விட்டார்கள். மிட்வேதான் குறி என்று அவர்களுக்குத் தெரியும். ‘எண்டர்பிரைஸ்’, ‘ஹார்னெட்’, மூன்று நாளில் அவசரமாக ரிப்பேர் பார்த்த ‘யார்க்டவுன்’ ஆகிய மூன்று கப்பல்கள் தீவுக்கு வடகிழக்கே காத்து நின்றன. உகாகி கேட்ட அதே பக்கவாட்டு!

விடிகாலை 4-30 மணிக்கு நகுமோ 108 விமானங்களை மிட்வே மேல் ஏவினார். பாதி கையில் இருந்தது. 7-15 மணிக்கு, தீவை இன்னொரு முறை தாக்க வேண்டும் என்று அந்தப் பாதிக்கும் குண்டை மாற்றச் சொன்னார். யமமோட்டோ சொன்னது காற்றில் போச்சு. கொஞ்ச நேரத்தில் வேவு விமானம் எதிரிக் கப்பல்களைப் பார்த்ததாகச் செய்தி அனுப்பியது. மாற்றுவதை நிறுத்து என்று மறு உத்தரவு. அதற்குள் முதலில் போன விமானங்கள் திரும்பி வந்து இறங்க இடம் கேட்கின்றன. கப்பலின் அடித்தட்டில் குண்டுகளும் பெட்ரோல் நிரப்பிய விமானங்களும் நெருக்கியடித்துக் கிடந்தன.

10-20 மணி வாக்கில் மேலே இருந்து அமெரிக்க விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்தன. அகாகி மேல் நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டுதான். ஒன்பதும் இல்லை, மூன்றும் இல்லை. அதுவே போதுமாக இருந்தது. காகாவும் ‘சோர்யு’வும் அதே நேரத்தில் பற்றி எரிந்தன. சாயங்காலம் ‘ஹிர்யு’. காகாவில் மட்டும் 811 பேர் செத்தார்கள். மொத்தம் 3,057 ஜப்பானியர் மாண்டார்கள். அமெரிக்கர் தரப்பில் 307 பேர்.

லிவர்பூலில் பெண்கள் நடத்திய ஆட்டம்

அதே 1942-ல் இன்னொரு ஊரிலும் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல், டெர்பி ஹவுஸ் கட்டிடம். அங்கே மேஜை கூட இல்லை. தரையே கடல்! கட்டம் போட்ட தரையில் சாக்கட்டியால் கப்பல் போகும் வழியைக் கோடு போட்டார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிக்கு பச்சைக் கோடு. ஆட வந்த அதிகாரிகள் துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சின்னத் துவாரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பச்சை தெரியாது.

நடத்தியவர் ராபர்ட்ஸ். காசநோய் என்று கடற்படை வீட்டுக்கு அனுப்பிய ஆள். அவருக்கு உதவி, கடற்படையில் சேர்ந்த இளம் பெண்கள். கப்பல் கூட்டத்துக்கு நடுவில் இருந்த கப்பல் எப்படி அடிபடுகிறது என்று அவர்கள் தரையில் ஆடி ஆடிப் பார்த்தார்கள். நீர்மூழ்கி ராத்திரியில் பின்பக்கமாக நீருக்கு மேலே வந்து, கூட்டத்துக்கு உள்ளேயே நுழைந்து அடிக்கிறது என்று தெரிந்தது. அடித்து விட்டு முங்கி விடும். கப்பல் கூட்டம் அதன் தலைக்கு மேலே போய் விடும். காவல் கப்பல்களோ முன்னால் தேடிக் கொண்டிருக்கும்! பின்பக்கம் போய்த் தேடும் முறையை உண்டாக்கினார்கள். ஜீன் லெய்ட்லா என்ற பெண் அதற்கு ‘ராஸ்பெரி’ என்று பெயர் வைத்தார். ஹிட்லரைப் பார்த்து வாயால் ‘ப்ர்ர்’ என்று கேலிச் சத்தம் விடுவது என்று அதற்கு அர்த்தம்.

1942 கடைசியில் அந்தப் பகுதிக்குத் தளபதியாக வந்தார் மாக்ஸ் ஹார்ட்டன். முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ஓட்டிப் பேர் வாங்கியவர். எங்கே பார்க்கலாம் என்று நீர்மூழ்கிக் கட்சியில் உட்கார்ந்து ஆடினார். தோற்றார். மறுபடி ஆடினார். ஐந்து முறையும் தோற்றார் என்று சொல்கிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஜேனட் ஓக்கல் என்ற இளம்பெண்! கடலில் போய்ச் சண்டை போட்டவர் இல்லை.

ஹார்ட்டன் பகடையைத் தூக்கி எறியவில்லை. ஆட்டத்தைச் செல்லாது என்று சொல்லவும் இல்லை. போர் முடிவதற்குள் சுமார் 5 ஆயிரம் அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்துப் போனார்கள். 1943 மே மாதம் ஜெர்மன் தளபதி டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கில் இருந்து விலக்கிக் கொண்டார். ரேடார், விமானம் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் சாக்கட்டிக்கும் பங்கு உண்டு.

ஒகுமியா போருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். உகாகி 1945 ஆகஸ்டு 15-ந் தேதி, ஜப்பான் சரண் அடைந்த அன்று, தற்கொலைப் படை விமானத்தில் ஏறிப் போனவர் திரும்பவில்லை.

2019 அக்டோபரில் ‘பெட்ரல்’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் மிட்வே பக்கத்துக் கடல் அடியைத் துழாவியது. முதலில் காகா கிடைத்தது. சில நாளில் அகாகி. காகா சுமார் 5,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.