மாயர் பஞ்சாங்கம் கேட்கும் கேள்வி

2012-ஆம் வருஷம் டிசம்பரில் உலகம் முடிந்துவிடும் என்று மாயர்களின் பேரைச் சொல்லிப் பலர் பீதி கிளப்பினார்கள். உண்மையில் அவர்களுடைய நெடுங்கணக்கில் ஒரு சுற்று பூர்த்தியாயிற்று, அவ்வளவே. அந்த ஆரவாரத்தில், அவர்களது மற்றொரு கணக்கை நாம் கவனியாது விட்டோம்.

குவாதமாலா மலைநாட்டு மொமோஸ்தெனாங்கோவில், கிச்சே மாயர் 260 நாள் கொண்ட பஞ்சாங்கத்தை இன்றும் அனுஷ்டிக்கிறார்கள். 20 நாட்பெயர்களும் 13 எண்களும் இணைந்து சுழன்று, 260-ஆம் நாளில் சுற்று நிறைவுறும். விவாகமோ, வியாதியோ, எதில் சஞ்சலம் நேரினும் நாட்கணிதரை நாடுவர். அவர், நமது கலியாணமுருங்கையின் இனமான ஒரு மரத்தின் செவ்விதைகளில் ஒரு பிடி அள்ளி, நான்கு நான்காகப் பிரித்து, கூறுக்கு ஒரு நாளாக எண்ணிச் செல்வார்.

எண்ணிக்கை 'தோஹ்' என்ற நாளில் வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அது கடனுக்கும் காணிக்கைக்கும் உரிய நாள். யாருக்கு என்ன பாக்கி? அதை வந்தவரல்லவா சொல்லவேண்டும்! ராகுகாலம் பார்த்துப் பிரயாணத்தை ஒத்திப்போடும் நம்மிடம் எந்தப் பஞ்சாங்கமும் இப்படிக் கேட்டதில்லை.

இவ்விவரம் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நான்கு வருஷமாகப் பேசாதிருந்த தமையனாருக்குக் கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.