அடுத்து எந்தப் புத்தகம்?

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் முறை தெளிவானது. 8 மி.மீ. கண் உள்ள சல்லடையில் தங்குகிற காய் ஒரு தரம், கீழே விழுகிறது அடுத்த தரம். பிறகு நிறம் பார்ப்பார்கள், லிட்டர் எடை பார்ப்பார்கள். உடும்பன்சோலையில் விளைந்தாலும் சாந்தன்பாறையில் விளைந்தாலும், ஏலத்தில் யார் எடுத்தாலும், காயின் தரம் காயிலேயே இருக்கிறது. புத்தகங்களையும் இப்படிச் சலித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பரிசுப் பட்டியல்களும் ‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்’ போன்ற வரிசைகளும் உருவாகின்றன. அவை வீண் அல்ல. ஆனால் ஒரு நாவலை முடித்துவிட்டு, அடுத்து எதை எடுப்பது என்று அலமாரி முன் நிற்பவருக்கு அவற்றில் பதில் இல்லை. ஒருவரை விடிய விடியப் படிக்கவைத்த நாவலை அதே வீட்டில் இன்னொருவர் முப்பதாம் பக்கத்தில் மூடிவைப்பார். புத்தகம் பொருந்துமா என்பது அதுவும் வாசகரும் சந்திக்கும்போதுதான் தெரியும். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்வது ஒரு தொழில்நுட்பம். அதற்கு எண்ணிக்கையும் வேண்டும், கேள்வியும் வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

இந்த வேலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். மூன்றாவது விதி நூலகரின் மீது கூடுதலாக ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது. கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் கிடக்கும் புத்தகத்துக்கு இந்த ஊரில் யார் வாசகர் என்றும் அவர் தேட வேண்டும். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது. விடியும் முன்பே ஜீப்பில் ஏறி போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் இறங்குகிறவர்கள் வாழும் ஊரில் இந்த விதி மிகவும் கனமானது. அவர்களுக்கு வாரத்தில் படிக்கக் கிடைப்பதே சில மணி நேரம். பொருந்தாத புத்தகம் ஒன்று அந்த நேரத்தைத் தின்றுவிட்டால், அடுத்த முறை அவர்கள் நூலகத்துக்கு வராமலே போகக்கூடும்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். இணையக் கடைகள் ‘இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்’ என்று காட்டுவதன் அடிப்படை எளிய கணக்குதான். ஒரு நூலகத்தில் 100 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 பேர் ‘பொன்னியின் செல்வன்’ எடுத்திருக்கிறார்கள், 10 பேர் ‘எரியும் பனிக்காடு’ எடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் 6 பேர் ‘பொன்னியின் செல்வ’னையும் எடுத்திருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, எந்தப் பத்துப் பேரைப் பிடித்தாலும் ஏறத்தாழ ஆறு பேர் அதை எடுத்திருப்பார்கள். ‘சோளகர் தொட்டி’யை நூறு பேரில் 8 பேர்தான் எடுத்தார்கள், ஆனால் அவர்களில் 5 பேர் அந்தப் பத்துக்குள் இருக்கிறார்கள் என்றால் அது செய்தி. தற்செயலாக நேர்ந்திருந்தால் ஏறத்தாழ ஒருவர்தான் இருப்பார். இரண்டு புத்தகங்களையும் ஏதோ ஒரு ருசி இணைக்கிறது. இப்படி ஒவ்வொரு புத்தகத்தையும் மற்றப் புத்தகங்களோடு ஒப்பிட்டு, எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சேர்ந்து வருகிற ஜோடிகளைப் பிடித்துவைப்பதே முறை. அமேசான் 1998 முதல் பயன்படுத்திய முறையின் சாரமும் இதுதான். பிரபலமானதை எல்லோருக்கும் நீட்டுவது பரிந்துரை ஆகாது என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கின் அழகு, புத்தகத்தைத் திறக்காமலே போடலாம் என்பது. அதன் குறையும் அதுவே. யாரும் இன்னும் எடுக்காத புத்தகத்துக்கு ஜோடி இல்லை. நேற்றுச் சேர்ந்த உறுப்பினருக்கு வரலாறு இல்லை. சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகளாக அச்சிடும் தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றுக்கு இணையத்தில் போதிய தடயம் சேர்வதே இல்லை. அதனால் கணினி, தடயம் நிறைய உள்ள சில பெயர்களையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது; காட்டுவதால் அவற்றுக்கு மேலும் தடயம் சேர்கிறது. ரங்கநாதனின் மூன்றாவது விதி இங்கே அடிபட்டுப் போகிறது.

இனி கேள்வி. தேனி மாவட்டத்தில் வைகை அணைக்காக ஊர்களை இழந்த மக்களின் கதையான வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதை ஒருவர் ரசித்துப் படித்தார் என்பது மட்டும் பதிவேட்டில் இருக்கும். ஏன் ரசித்தார்? நிலத்திலிருந்து பிடுங்கப்பட்ட மக்களின் துயரம் அவரைத் தொட்டிருந்தால், சமவெளியிலிருந்து கங்காணிகளால் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பற்றி பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ அடுத்தது. மண்ணின் பேச்சுமொழி இழுத்திருந்தால், கரிசல் மொழியில் கி. ராஜநாராயணன் எழுதிய ‘கோபல்ல கிராமம்’. விடாப்பிடியாக வாழ்க்கையோடு மல்லுக்கட்டும் பேயத்தேவர் என்ற முதியவர்தான் மனத்தில் நின்றார் என்றால், ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ கூடப் பொருந்தும். ஒரே பதிவு, மூன்று வெவ்வேறு வழிகள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழையும் வாசல்கள் நான்கு என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. வாசகர் எந்த வாசல் வழியாக நுழைந்தார் என்று தெரிந்துகொண்டால், அதே வாசல் அகலமாக உள்ள வேறொரு புத்தகத்தைத் தேடலாம். ‘என்ன மாதிரி புத்தகம் வேண்டும்?’ என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. ‘கடைசியாகப் படித்ததில் எது பிடித்தது, அதில் எந்த இடம்?’ என்று கேட்டால் எல்லோரும் பேசுவார்கள். கணினித் துறையில் இந்த வேலைக்கென முதலில் எழுதப்பட்டவற்றுள் ஒன்றான ‘கிரண்டி’யும் நாவல் சிபாரிசு செய்யும் நூலகராகவே வடிவமைக்கப்பட்டது. 1979இல் எலைன் ரிச் வெளியிட்ட அந்த நிரல், வாசகரிடம் அவரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு பரிந்துரைத்தது. பின்னால் வந்த எண்ணிக்கை முறைகள் கேட்பதை விட்டுவிட்டுக் கவனிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டன.

இந்தக் காலக் கணினி புத்தகத்தின் உள்ளடக்கத்தையே படித்துவிடுகிறது, வாசகரோடு உரையாடவும் செய்கிறது, பிறகு நூலகர் எதற்கு என்று கேட்பார்கள். எண்ணிம வடிவில் உள்ள நூல்களுக்கு அது சரி. கணினி கேள்வி கேட்டுப் பரிந்துரைத்தால் அது நல்ல நூலகரின் வழியைப் பின்பற்றுகிறது, வரவேற்கலாம். ஆனால் தாளில் மட்டும் இருக்கிற புத்தகம் அதற்குத் தெரியாது. போடி கிளை நூலகத்தின் மூன்றாவது அலமாரியில் இன்று எது இருக்கிறது என்பதும் தெரியாது. எட்டாத புத்தகத்தைச் சரியாகச் சொல்வதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில் பொருத்தமானதைச் சொல்வது பயனுள்ளது. நூலகரும் மனிதர்தானே, தன் ருசியைத் திணிப்பாரே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான். எந்த நூலகரும் எல்லாவற்றையும் படித்திருக்க முடியாது, தனக்குப் பிடித்ததைத் தூக்கிப்பிடிப்பதும் இயல்பு. அந்தச் சாய்வைத் திருத்தத்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது. அவர் நினைப்பதற்கு மாறாக ஊர் என்ன படிக்கிறது என்பதை இரவல் பதிவேடு காட்டிவிடும்.

அப்படி ஒரு பதிவேடு இதே மலைத்தொடரில், மூணாறுக்கு வடக்கே இடமலைக்குடிக் காட்டுக்குள் இருந்தது. முதுவர்கள் வாழும் அந்தப் பழங்குடி ஊராட்சியில் பி.வி. சின்னத்தம்பி என்பவர் தன் டீக்கடையில் ஒரு சிறு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். புத்தகங்கள் 160 மட்டுமே. ஆனால் யார் எதை எடுத்தார்கள் என்று நோட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அங்கே அதிகம் இரவல் போனது சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பு. மலைவாழ் மக்களுக்கு எளிய கதைகள் போதும் என்று முடிவு கட்டி யாராவது அலமாரியை நிரப்பியிருந்தால் இது நடந்திருக்காது. இதற்கான காரணத்தை எண்ணிக்கை சொல்லாது. ஆனால் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது முதுவர்களின் வாய்மொழி மரபு; மதுரையை எரித்துவிட்டு மேற்கு மலைக்கு ஏறிய கண்ணகிக்குக் கூடலூருக்கு மேலே மங்கலதேவி முகட்டில் கோயில் இருக்கிறது. அந்தக் காப்பியம் அவர்களுக்குப் பழைய இலக்கியமாக அல்ல, சொந்த மலையின் கதையாகத் தோன்றியிருக்கக்கூடும் என்று ஊகிக்க, அந்த மக்களை அறிந்த ஒருவர் வேண்டும். ருசிக்கு ஏற்பக் கொடுத்தால் வாசகர் அங்கேயே தேங்கிவிடுவார் என்று அஞ்சுவோருக்கும் இந்த நோட்டு பதில் சொல்கிறது. தன் வாழ்வோடு தொடுவது கிடைத்தால் வாசகர் கடினமான புத்தகத்துக்கும் ஏறிவருகிறார்.

பதிவேட்டைப் பயன்படுத்தினால் தனிமனிதரின் வாசிப்பு அம்பலமாகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் மேலே சொன்ன கணக்குக்குப் பெயர்கள் வெளியே வர வேண்டியதில்லை; எந்தப் புத்தகம் எதனுடன் சேர்ந்து போனது என்ற பட்டியலே போதும். இந்தியா விடுதலை பெற்ற அடுத்த ஆண்டே, 1948இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, அன்றைய சென்னை மாகாணம். 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களின் மாநிலமும் இதுவே. போடி போன்ற ஊர்களின் கிளை நூலகங்கள், பெயர் நீக்கிய அந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை தயாரித்து அலமாரி பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் திரும்பும் நேரத்துக்கு ஏற்ப நூலக நேரத்தை மாலையில் நீட்டலாம். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: அடுத்த முறை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு நிறுத்தாமல், எந்த இடம் பிடித்தது என்பதையும் நூலகரிடம் ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள்.