மண்ணைக் காத்தோரும் மக்கள் துணையும்

நுழையும்முன்

தலைமுறை தலைமுறையாக ஒரு நிலத்தில் வாழ்ந்துவரும் மக்களுக்கு, ‘இங்குச் சுரங்கம் வேண்டா’ என மறுக்கும் உரிமை உண்டா? மறுத்ததற்காகச் சிறை சென்றவர்களுக்குப் பிறர் துணைநிற்பதால் விளையும் பயன் யாது? கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2008ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இவ்வினாக்களை ஆராய இடமளிக்கின்றன.

ஏரியும் ஒப்பந்தமும்

ஒன்டாரியோவின் வடபகுதியில், தண்டர் பே நகரிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பிக் டிரவுட் ஏரி. கிச்செனுமேகூசிப் இன்னினுவக் என்னும் தொல்குடிச் சமூகம் அதன் கரையில் வாழ்கிறது. அவ்வூருக்கு ஆண்டு முழுதும் பயன்படும் சாலை இல்லை. வானூர்தியில் செல்லலாம், குளிர்காலத்தில் உறைபனிமீது அமைக்கப்படும் பாதையிலும் செல்லலாம். மீன்பிடித்தலும் வேட்டையும் அம்மக்களின் உணவுக்கு மட்டுமன்றி, மொழிக்கும் வழிபாட்டிற்கும் உறவுமுறைக்கும் அடிப்படையாக உள்ளன.

அவர்களின் முன்னோர் 1929இல் ஒன்பதாம் ஒப்பந்தத்தில் இணைந்தனர். வேட்டையும் மீன்பிடித்தலும் தொடரலாம் எனக் கூறிய அவ்வொப்பந்தம், குடியேற்றம், சுரங்கம், மரவெட்டு முதலியவற்றிற்கு அரசு அவ்வப்போது நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியது. நிலத்தைப் பகிர்ந்து வாழ இசைந்ததாகவே தொல்குடியினர் அதனைப் புரிந்துகொண்டனர். நிலத்தைக் கொடுத்துவிட்டதாக அரசு கொண்டது. பின்னாளில் எழுந்த பூசலின் வேர் இவ்வேறுபாட்டில் உள்ளது.

ஒன்டாரியோவின் பழைய சுரங்கச் சட்டமும் பூசலை வளர்த்தது. உரிமம் பெற்ற எவரும் அரசு நிலத்தில் எல்லை குறித்துக் கனிமம் தேடும் உரிமையைப் பெறலாம். அங்கு வாழ்வோரின் இசைவைக் கேட்க வேண்டியதில்லை.

மறுப்பும் சிறையும்

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளாட்டினெக்ஸ் என்னும் நிறுவனம் பிளாட்டினம் தேடித் துளையிடுவதற்காக அப்பகுதிக்கு வந்தது. மக்கள் எதிர்த்தனர், பணி நின்றது. உடனே அந்நிறுவனம் 1,000 கோடி டாலர் இழப்பீடு கோரி அச்சமூகத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அச்சமூகத்தின் மக்கள்தொகையோ ஓர் ஆயிரத்தைச் சற்றே கடந்தது. முதலில் துளையிடுதலை நிறுத்தி வைத்துக் கலந்துபேசுமாறு கூறிய நீதிமன்றம், 2007இல் பணியைத் தொடங்க இசைவளித்தது. அவ்வாணைக்குப் பின்னரும் சமூகத்தினர் நிறுவனத்தாரைத் தம் நிலத்தில் பணிசெய்ய விடவில்லை.

2008 மார்ச்சில் தலைவர் டானி மோரிசும் ஐந்து பொறுப்பாளர்களும் நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு திங்கள் சிறைத்தண்டனை பெற்றனர். வழக்குச் செலவே அச்சமூகத்தை வறுமைப்படுத்தியிருந்தது. அபராதம் அவர்களுக்குப் பொருந்தாது எனக் கருதிய நீதிமன்றம் சிறையைத் தேர்ந்தது.

மாகாணத்தின் தென்பகுதியில் ஷார்பட் ஏரிப் பகுதியிலும் இதே நிலை தோன்றியது. ஃபிராண்டினாக் வென்ச்சர்ஸ் என்னும் நிறுவனம் அங்கு யுரேனியம் தேட முற்பட, அல்கோன்குயின் மக்கள் 2007 கோடையில் பாதையை மறித்தனர். அவர்களுள் ஒருவரான பேராசிரியர் ராபர்ட் லவ்லேஸ், நீதிமன்ற ஆணைக்குக் கட்டுப்படுவதாக உறுதியளித்திருந்தால் சிறையைத் தவிர்த்திருக்கலாம். நிலத்தைக் காப்பது தம் மரபுச் சட்டம் தமக்கு விதித்த கடமை என்று கூறி அவர் உறுதியளிக்க மறுத்தார். ஆறு திங்கள் சிறையும் 25,000 டாலர் அபராதமும் அவருக்கு விதிக்கப்பட்டன.

பெருகிய ஆதரவு

சிறைவாசம் அப்போராட்டத்தை ஒடுக்கவில்லை. அதனை நாடறியச் செய்தது. யுரேனியச் சிக்கலில் குடியேறியோர் மரபினரான அண்டை வீட்டாரும் அல்கோன்குயின் மக்களுடன் நின்றனர். அதற்கு அவர்களுக்கும் காரணம் இருந்தது. அவர்களுள் பலருக்கு மேல்மண் மட்டுமே உரியது. அடியிலுள்ள கனிமத்தை வேறொருவர் உரிமை கொண்டாடலாம். நீர்நிலைகள் கெடும் என்ற அச்சமும் இருந்தது. அவர்களுள் ஒரு பெண்மணி 60 நாள்களுக்கும் மேலாக உண்ணாநோன்பிருந்தார்.

பன்னாட்டுப் பொது மன்னிப்புக் கழகம், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமய அமைப்புகள், தொழிற்சங்கங்கள் ஆகியன விடுதலை கோரிக் குரல் எழுப்பின. நச்சுக்கழிவாலும் மரவெட்டாலும் துன்புற்ற கிராசி நேரோஸ் தொல்குடியினர், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மிகுதியான தொலைவை நடந்து டொராண்டோவை அடைந்தனர். 2008 மே இறுதியில் மூன்று சமூகங்களும் ஆதரவாளர்களும் சட்டமன்றத்தின் முன்புள்ள புல்வெளியில் கூடாரமிட்டுத் தங்கினர்.

அந்நாள்களிலேயே, மே 28 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுவரையும் விடுவித்தது. பின்னர் வெளியிட்ட தீர்ப்பில், தண்டனை மிகக் கடுமையானது என்று கூறி, அவர்கள் சிறையிலிருந்த காலமே போதும் எனக் குறைத்தது. தொல்குடி உரிமை தொடர்பான பூசல்களில் தடையாணை பிறப்பிக்கும் முன் கலந்தாய்வுக்கும் உடன்பாட்டிற்கும் உரிய வழிகள் யாவும் முயலப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது.

மாறியதும் மாறாததும்

விடுதலையைத் தந்தது நீதிமன்றமே, மக்கள் கூட்டமன்று. ஆயினும் ‘ஆணையை மீறினரா?’ என்னும் வினாவோடு நின்றிருக்கக்கூடிய செய்தியை, ‘அவர்களைக் கேளாமல் நிலத்தைத் தந்தது முறையா?’ என்னும் வினாவாக மாற்றியது அவ்வாதரவு. அவ்வினாவிற்கு அரசு விடைகூற வேண்டியதாயிற்று. 2009இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டுத் தொல்குடியினருடன் கலந்தாய்தல் அதன் பகுதியாயிற்று. அவ்வாண்டு இறுதியில் அரசு 50 இலட்சம் டாலர் வழங்கியதால் பிளாட்டினெக்ஸ் தன் கோரிக்கைகளைக் கைவிட்டு விலகியது. 2012இல் பிக் டிரவுட் ஏரிப் பகுதியில் ஏறத்தாழ 23,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் புதிய சுரங்க உரிமை கோருதல் நிறுத்தப்பட்டது.

எனினும் கலந்தாய்வு வேறு, இசைவு வேறு. கருத்தைக் கேட்டபின் எதிராக முடிவெடுப்பதற்குக் கலந்தாய்வு இடந்தரும். மறுப்பை மதிப்பதே இசைவு. திருத்தப்பட்ட சட்டம் முன்னதையே ஏற்றது. பின்னதற்கான கோரிக்கை இன்றும் தொடர்கிறது.

நம் நாட்டில் ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது குறித்து, கிராம சபைகளே முடிவுசெய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. கூடிய 12 கிராம சபைகளும் மறுத்தன. கேட்கப்படும் வாய்ப்பு முன்னரே கிடைத்தால், மக்கள் சிறைவாயிலில் நின்று தம் மறுப்பைச் சொல்ல வேண்டிய நிலை நேராது என்பதற்கு அஃது ஒரு சான்று.

தெரிந்து தெளிவோம்

தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய சாற்றுரையை ஐக்கிய நாடுகள் பொது அவை 2007 செப்டம்பர் 13 அன்று ஏற்றது. 144 நாடுகள் ஆதரித்தன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கும் எதிர்த்தன. பின்னர் அந்நான்கு நாடுகளும் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன.

கற்பவை கற்றபின்

1. கலந்தாய்வு, இசைவு ஆகியவற்றிற்கு இடையேயுள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ‘நீதிமன்ற ஆணையை மதித்தலும் மனச்சான்றை மதித்தலும் முரண்படும்போது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.