கிராமத்தில் வேலையற்றவர் யார்?

நகரத்து ஆலையில் பணிபுரியும் ஒருவர் வேலையை இழந்தால் அது உடனே புலப்பட்டுவிடும், சம்பளம் நின்றுவிடுகிறது. கிராமத்தில் நிலைமை வேறு. சிறிது நிலமோ இரண்டொரு கால்நடைகளோ உள்ள குடும்பத்தில் எவரும் முற்றிலும் சும்மா இருப்பதில்லை. ஆண்டு முழுவதற்கும் போதிய வேலையும் எவருக்கும் இருப்பதில்லை. நால்வர் செய்து முடிக்கக்கூடிய வேலையை அறுவர் பகிர்ந்துகொள்ளும் இந்நிலையைப் பொருளியல் அறிஞர் மறைமுக வேலையின்மை என்பர். ஆதலால், கிராமங்களில் வேலையற்றோர் இத்தனை பேர் என்று கூறுமுன், அவர்களை அளந்த கோல் யாது என்று வினவுதல் அவசியமாகிறது.

இப்பொருளை ஆராய்வதற்கென இந்திய அரசு நியமித்த, பேராசிரியர் தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-ல் தன் அறிக்கையை அளித்தது. வேலையின்மையை ஒரே எண்ணாகக் கூறுவது நம் நாட்டு நிலைமைக்குப் பொருந்தாது என்பது அக்குழுவின் கருத்து. அதனையொட்டி, 1972-73-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 27-ஆவது சுற்றில் ஆண்டு, வாரம், நாள் ஆகிய மூன்று கோல்கள் கையாளப்பட்டன.

இவற்றின் வேற்றுமையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஜார்க்கண்ட் மாநிலத்தின் சோட்டா நாக்பூர் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் மழையை நம்பி ஒரு போகம் நெல்லே விளைகிறது. ஜூலை, ஆகஸ்டில் நடவு. நவம்பர், டிசம்பரில் அறுவடை. அதன் பின்னர் நிலம் வெறுமையாகக் கிடக்கும். பலர் செங்கற் சூளைகளை நாடி வெளியூர் செல்வர். ஊரிலேயே தங்கிவிட்ட உழவர் ஒருவருக்கு ஆண்டில் ஐந்து மாதமே வேலை என்று கொள்வோம். எஞ்சிய மாதங்களில் இரண்டில் மட்டும் அவர் வேலை தேடினால், தேடிய காலத்தைவிட உழைத்த காலம் மிகுதியாதலால், ஆண்டுக் கோலின்படி அவர் வேலையுள்ளவர். வேலை கிடையாது என்று மனம் சலித்து ஒருநாளும் தேடாமல் இருந்துவிட்டாலும், முப்பது நாளுக்குக் குறையாமல் துணைத்தொழில் செய்தவர் என்ற முறையில் அப்பொழுதும் வேலையுள்ளவரே! வாரக் கோலோ, ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தவரையும் வேலையுள்ளவராகவே கொள்ளும். நாட்கோல் ஒன்றுதான் ஒவ்வொரு நாளையும் இரு அரைநாட்களாகப் பகுத்து, வீணான பொழுதைக் கணக்கில் கொண்டுவருகிறது.

பெண்களைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் பெரிது. குடும்பத்தின் உணவுக்காக நெல் விளைவித்தால் அது வேலை. அதே நெல்லை வீட்டுக்காகக் குத்தினால் வேலையன்று. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்குவதும் வீட்டுக் கடமைகளோடு சேர்த்தே குறிக்கப்படுகிறது. கணக்கு முறையில் இத்தகைய எல்லை ஒன்று தேவைதான். ஆயினும் அது நாள் முழுதும் உழைக்கும் ஒருத்தியை உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடக் கூடும்.

2017-ல் தொடங்கிய காலமுறை உழைப்பாளர் ஆய்வின் எண்களை இவ்விளக்கத்தோடு நோக்க வேண்டும். ஆண்டுக் கோலின்படி, 15 வயதும் அதற்கு மேற்பட்டவருமான கிராம மக்களிடையே வேலையின்மை 2017-18-ல் 5.3 சதவீதம், 2023-24-ல் 2.5 சதவீதம். அதே காலத்தில் உழைப்பாளர் தொகுதியில் கிராமப் பெண்களின் பங்கேற்பு 24.6 சதவீதத்திலிருந்து 47.6 சதவீதமாக உயர்ந்தது. இவ்வுயர்வு பெரும்பாலும் சொந்தத் தொழிலிலே நிகழ்ந்தது. ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோரும் அதில் அடங்குவர். நாட்டு உழைப்பாளரில் விவசாயத்தில் ஈடுபட்டோர் 2018-19-ல் 42.5 சதவீதமாக இருந்து, 2023-24-ல் 46.1 சதவீதமாயினர். பெருந்தொற்றுக் காலத்தில் நகரங்களை விட்டு ஊர் திரும்பியோரை நிலமே ஏற்றுக்கொண்டது. தேசிய உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதை எண்ணினால், வேலையின்மை குறைந்தது என்பதற்கும் வருவாய் பெருகியது என்பதற்கும் இடையேயுள்ள தூரம் விளங்கும்.

2025 முதல் இவ்வாய்வு கிராமங்களுக்கும் மாதந்தோறும் மதிப்பீடு வெளியிடுகிறது. நடவு மாதத்தையும் நிலம் வறண்ட ஏப்ரலையும் அருகருகே வைத்துக் காண இது வழிசெய்கிறது. எனினும் அம்மாத மதிப்பீடு வாரக் கோலைக் கொண்டது. ஒரு மணி நேர விதி அதிலும் உண்டு.