கல்லில் நிற்கும் சேவலையும் கடலைத்தோலில் படுக்கும் கோழியையும் தெரியுமா?

செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூருக்குப் போயிருக்கிறீர்களா? தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கிற ஊர். பார்சுவநாதர் கோயில் இருக்கிற ஊர். சமணர்களான நயினார்கள் வீட்டு அடுப்படியில் முட்டை ஓடுகூட விழாது. அந்தச் சமணத்தின் கதை ஒன்று முழுக்க முழுக்க ஒரு சேவலைச் சுற்றியே சுழல்கிறது, தெரியுமா? ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியம்தான் அது. அதுவும் உயிருள்ள சேவல்கூட இல்லை. மாவில் பிசைந்து செய்த சேவல்! அதைத் தேவிக்குப் பலியிட்ட பாவத்துக்காக ராஜா யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் மயில், நாய், மீன், ஆடு என்று பிறவி பிறவியாக அலைகிறார்கள். அந்த விலங்குப் பிறவிகளின் கடைசியில் எப்படிப் பிறந்தார்கள்? கோழிகளாக!

மாவுக்கோழிக்கே இத்தனை கணக்கு என்றால், கொல்லையில் உயிரோடு கொக்கரித்துக்கொண்டிருக்கும் கோழிக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருப்போம்! நான் அப்படித்தான் நினைக்கிறேன். வளர்ப்பது முட்டைக்கா, விற்பனைக்கா, வெறும் ஆசைக்கா என்பது அவரவர் பாடு. இருக்கிற வரைக்கும் அது நனையாமல், நோகாமல், கீரி வாயில் சிக்காமல் இருக்க வேண்டும். அதற்குப் பெரிய பணம் வேண்டியதே இல்லை.

அதற்கு முன்னால் இன்னொரு அதிசயம். சண்டையில் மாண்ட வீரனுக்கு நடுகல் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேவலுக்கு நடுகல் வைத்த ஊர் தெரியுமா? இதே விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம்! கல்லில் சேவல் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. அது முகையூர் மேற்சேரிக்காக மோதிய சேவல் என்று பக்கத்திலேயே எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கல்! அந்தச் சேவலை வளர்த்தவர் பெயரெல்லாம் மறைந்துபோனது. சேவல் இன்னும் நிற்கிறது.

உங்கள் வீட்டுக் கோழியின் கால் மஞ்சளா? அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது தெரியுமா? உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் நம் தென்னாட்டு மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்! அந்தச் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் ஒளிந்திருப்பவர் யார்? பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர். 1700களின் பிற்பகுதியில் நமக்குப் பக்கத்துப் பாண்டிச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர்! எங்கோ ஒரு நாட்டுப் பண்ணையில் மஞ்சள் காலோடு நடக்கிற கோழிக்கும் நம்மூர் மலைக்கும் அப்படி ஒரு சொந்தம்.

சரி, கூட்டுக்கு வருவோம். கோழிக்கு வீடு கட்ட வேண்டிய சாமான் முக்கால்வாசி செஞ்சிப் பக்கத்துக் கொல்லையிலேயே கிடக்கிறது! சவுக்கை இந்தப் பக்கம் காடுகாடாகப் போடுகிறார்கள். வெட்டு முடிந்த இடத்தில் சன்னமான கம்பு மலிவாகக் கிடைக்கும். கூரைக்குத் தென்னங்கீற்று, பக்கத்துக்குப் பனமட்டை. கையிலிருந்து காசு போவது கம்பிவலைக்கும், கீலுக்கும், ஒரு நல்ல தாழ்ப்பாளுக்கும்தான். அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழிவலை இருக்கிறதே, அது கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது! கண் அரை அங்குலத்துக்கு மேல் போகாத சதுரவலையைக் கீழ்ப்பாதிக்காவது அடித்துவிடுங்கள். பாம்பும் கீரியும் வாசலில் நின்று ஏமாந்துபோகும்.

பத்துக் கோழிக்கு எவ்வளவு இடம் தேவை தெரியுமா? பகலெல்லாம் வெளியே மேய்கிற நாட்டுக்கோழி என்றால், இரவு படுக்க ஐந்தடிக்கு நாலடி தாராளம்! நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குட்டைப் பக்கத்தில்தான் அடிக்கும், உள்ளே வேகாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, தெரியுமா? வாயைத் திறந்து இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். அதனால் காற்று அதற்குச் சோற்றுக்குச் சமம். சுவரில் மேல்பாதியை அடைக்கவே அடைக்காதீர்கள். கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக்கோழியைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த மரபணு உடம்பு முழுக்கவே இறகைக் குறைத்துவிடுகிறது. சித்திரை வெயிலைத் தாங்குவதில் அதற்கு நிகர் இல்லை!

தரையோடு கட்டலாமா? கூடவே கூடாது! 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியது. சேவற்கொடியோன் குடியிருக்கிற மலை அது! அன்று ராத்திரி எங்கள் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர். தரைக்கூட்டிலிருந்து கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் ஒன்றுகூடத் திமிறவில்லை, கையில் துணிமூட்டை போலக் கனத்தன. அதற்குப் பிறகு கட்டிய கூடு நாலு கருங்கல் காலில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்கிறது. அடிப்பலகைக்குப் பதில் பிளந்த மூங்கிலை அரை அங்குலம் விட்டு விட்டு அடித்திருக்கிறோம். எச்சம் தானாகக் கீழே விழுந்துவிடும், வாரியெடுத்தால் எருவாச்சு. கால் நான்கும் தண்ணீர் ஊற்றிய பழைய தகர டப்பாவில் நிற்கும். எறும்பு ஏறாது!

தரையோடு வைத்துத்தான் ஆக வேண்டுமா? அப்போது இந்த ஊர் மண் ஒரு பரிசு வைத்திருக்கிறது: கடலைத்தோல்! திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிஎம்வி ரக மணிலாக்கொட்டைகள் நாடெல்லாம் போயின. அந்த மண்ணில் தோலுக்கா பஞ்சம்? இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த தோலைப் பரப்பி, வாரத்துக்கு இரண்டு தரம் கிளறிவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றமும் எழாது.

ஆனால் அதே கடலையில் ஒரு யமனும் உண்டு, தெரியுமா? 1960ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடமடவென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்றே புரியவில்லை. கடைசியில் தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது தெரியவந்தது! அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். ஈரம் பட்ட புண்ணாக்கை, பச்சை பூத்த கடலையை, வீணாகிறதே என்று கோழிக்குப் போட்டுவிடாதீர்கள். தயவுசெய்து!

தீனி என்றதும் ஒரு பெரிய கதை. கொல்லைக் கோழியால் நோபல் பரிசு கிடைத்தது தெரியுமா? 1800களின் பிற்பகுதியில் ஜாவாத் தீவில், பட்டாவியா மருத்துவமனையில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடித் தேடி அலுத்துப்போனார். அங்கே வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடின. பிறகு திடீரென்று தேறின! ஏன்? ஆஸ்பத்திரிச் சமையலில் மீந்த வெள்ளைச் சோற்றைத்தான் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைச் சாதாரணக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோழிக்குத் தீட்டாத அரிசி போனது. அவ்வளவுதான், எழுந்து நின்றுவிட்டது! தவிட்டில் இருக்கும் சத்துதான் காரணம் என்று பிற்பாடு தெளிவானது. வைட்டமின் என்ற சங்கதி பிறந்த வழிகளில் அது ஒன்று. 1929ல் எய்க்மானுக்கு நோபல். நம் ஆயாக்கள் தவிட்டைப் பிசைந்து கோழிக்கு வைத்ததை நினைத்துப் பாருங்கள்!

காசே இல்லாத புரதத் தீனி ஒன்றும் உண்டு. கரையான்! பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் போதும். விடிந்ததும் பானையைத் தூக்கி உதறுங்கள். குஞ்சுகள் ஓடிவருகிற வேகத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

அடைக்கு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய கூடையில் மணல், மேலே வைக்கோல். எங்கள் ஆயா முட்டைக்கு நடுவே இரும்பாணி, அடுப்புக்கரித் துண்டு, மிளகாய் வற்றல் மூன்றையும் செருகிவிடும். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். ஏழாம் நாள் ராத்திரி, தாளைச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையில் செல்போன் விளக்கு, மறுமுனையில் முட்டை வைத்துப் பாருங்கள். ஓட்டுக்குள் சிவப்பு நூல் நூலாக நரம்பு கிளைத்திருக்கும், நடுவில் ஒரு கருப்புப் புள்ளி துடிதுடிக்கும்! முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அந்த வழியாகத்தான் அந்தப் புள்ளி மூச்சு விடுகிறது. இருபத்தோராம் நாள் பொரிக்கும். ஆனால் அதற்கு முன்பே குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று குரல் கொடுக்கும், தாய் தொண்டைக்குள் பதில் சொல்லும்! ஆயா கூடையருகே காதை வைத்து, “பேசிக்கிதுங்க, சத்தம் போடாத கண்ணு” என்று சொன்னதை நான் அப்போது நம்பவில்லை. உண்மை அதுதான்.

பொரித்த குஞ்சு இரண்டு நாள் வரை ஒன்றும் தின்னாமல் தாங்கும். ஏன் தெரியுமா? மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது! கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிற பிள்ளை.

குஞ்சுக்கு எதிரி பருந்தும் பூனையும் மட்டுமா? எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெள்ளைக்கழிச்சல். இமயமலையோரத்து ராணிக்கேத் ஊரின் பெயரால் இராணிக்கேட் நோய் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டு நியூகாசில் பெயரை வைத்தார்கள். 1920களின் பிற்பகுதியில் இரண்டு இடத்திலும் கண்டறியப்பட்ட ஒரே நோய் அது! வந்துவிட்டால் மருந்து இல்லை, ஒரே வாரத்தில் கூடு காலி. ஆனால் வராமல் தடுக்க முடியும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைக்குக் கீழே ஓர் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்கென்றே ஊர் ஊராக முகாம் போடுகிறது. முகாம் அறிவிப்பு கேட்டதும் கோழியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நில்லுங்கள்!

பருந்துக்கும் பூனைக்கும் சேவல் ஒரே மாதிரிக் கத்துகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை. ஆகாயத்தில் நிழல் கண்டால் ஒரு குரல், தரையில் அசைந்தால் வேறு குரல்! முதல் குரலுக்குப் பெட்டைகள் பதுங்கும், இரண்டாவதுக்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றும் பார்க்கும். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கையோ அடர்ந்த செடியோ இருக்கட்டும். ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டாமா?

விடியற்காலைக் கூவலையும் சொல்லிவிடுகிறேன். சேவல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறதா? 2013ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சேவல்களை மங்கல் வெளிச்சத்திலேயே அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் நேரம் தவறாமல் கூவின! உடம்புக்குள்ளேயே கடிகாரம். இன்னும் கேளுங்கள், கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தரவரிசைப்படி காத்திருந்து ஒவ்வொன்றாகக் கூவும்! நாளைக்கு நாலரை மணிக்கு எழுந்து கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டில் கழுத்தில் தவிட்டு நிறம் ஓடும் பெருவிடைச் சேவல்தான் முதல். அது கூவி முடிக்கிறவரை இரண்டாவது வாயைத் திறக்காது. மூன்றாவது கூவும்போது நான் தாழ்ப்பாளை நீக்குகிறேன்.