மலையேறும் கோம்பை: ஊர்தியின் பின்கட்டில் நாய்க்கோர் இடம்

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. செவலை நிறமும் கருவாயும் கொண்ட கோம்பை நாய் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. காட்டுப்பன்றியை மறித்து நிற்கும் துணிவுக்காகவும், தோட்டத்தையும் தொழுவத்தையும் காக்கும் விழிப்புக்காகவும் பேணப்பட்ட இனம் இது. அன்று உடையவரின் பின்னே நடந்து மலையேறிய நாய், இன்று நான்கு சக்கரமும் உந்தும் ஜீப்பின் பின்கட்டில் ஏலத்தோட்டத்துக்குச் செல்கிறது. அப்பின்கட்டோ மூட்டைகளுக்கென அமைந்தது. உயிருள்ள உடலை அங்கே ஏற்றுமுன் அதனை எவ்வாறு திருத்தியமைக்க வேண்டும் என்பதை இயற்பியலும் உடலியலும் தெளிவாகவே கூறுகின்றன.

முதலில் நிலைமம். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டியில் 25 கிலோ எடையுள்ள நாயும் அதே விரைவில்தான் செல்கிறது. அப்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,400 ஜூல். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அதே எடையுள்ள உடல் தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் ஆற்றல் இது. வண்டி மோதி நின்றாலும் கட்டப்படாத நாய் நிற்பதில்லை. முன்னிருக்கையோ கண்ணாடியோ தடுக்கும் வரை பறந்து செல்லும். அவ்விரைவு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்குமானால், நாயின் மீது செயற்படும் சராசரி விசை சுமார் 3,500 நியூட்டன், அதாவது 350 கிலோ எடைக்கு ஒப்பானது. நான்கு சக்கர உந்துதல் ஏற்றத்திலும் சேற்றிலும் பிடிப்பைத் தரும். வண்டி நிற்கும் தொலைவை அது குறைப்பதில்லை. வண்டி வலியது என்பதால் உள்ளிருக்கும் உயிர் தானே காக்கப்படும் என்று எண்ணுவது பிழை.

ஆகவே நாயும் வண்டியும் ஓருடலாக இயங்க வேண்டும் என்பதே அடிப்படை. இதற்கு வழி இரண்டு. ஒன்று, உறுதியான கூண்டு. வானூர்திப் பயணத்துக்கான பன்னாட்டு அளவுமுறைப்படி, கூண்டின் நீளம் மூக்கு நுனி முதல் வாலடி வரையுள்ள அளவுடன் முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டியது. அகலம் தோள் அகலத்தின் இருமடங்கு. உயரம் நிமிர்ந்து நிற்கும் நாயின் தலை முட்டாத அளவு. நாய் நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இது போதும். இதற்கு மேலும் பெரிதாக்குவது அன்பு போலத் தோன்றினாலும் தீங்கே. மோதலின்போது நாய் கூண்டுச் சுவரை அடையுமுன் கடக்கும் இடைவெளி கூடக்கூட, சுவர்மீது மோதும் விரைவும் கூடும்.

மற்றொன்று, மார்புக் கச்சை. கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டினால் முழு விசையும் குறுகிய கழுத்தின்மேல் விழுந்து மூச்சுக்குழலையும் தண்டுவடத்தையும் சிதைக்கும். அகன்ற மார்புக் கச்சை அதனை மார்பெலும்பின் மேல் பரப்பும். கயிறு நீளாத வகையினதாகவும் குட்டையாகவும் இருத்தல் வேண்டும்.

கூண்டைக் கட்டும் இடம் கட்டும் முறையைப் போலவே முதன்மையானது. பொலிரோ போன்ற வண்டிகளின் பின்கட்டில் எதிரெதிராக அமைந்த மடிப்பிருக்கைகளைக் கழற்றிவிட வேண்டும். தளத்தில் நான்கு எஃகு வளையங்களைத் திருகாணியால் இறுக்கி, தகடு கிழியாதபடி அடிப்புறம் தடித்த தாங்குதகடு வைக்க வேண்டும். நடுவிருக்கையின் முதுகோடு ஒட்டிக் கூண்டை நிறுத்தி, நான்கு மூலைகளையும் வளையங்களோடு பட்டையால் இறுக்குவது முறை. பின்கதவை ஒட்டிய பகுதி, பின்னிருந்து மற்றொரு வண்டி இடிக்கும்போது நசுங்கும் இடம். அங்கே வெற்றிடம் விடுவது நன்று. பின்கதவு நெளிந்து திறக்காமற்போனாலும் நாயை வெளியேற்றக் கூண்டின் முன்புறமும் ஒரு கதவு வேண்டும்.

அடுத்தது வளைவு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் திரும்பினால், எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தேவைப்படும். விரைவை இருமடங்காக்கினால் அது நான்கு மடங்காகும். வழவழப்பான தகட்டின்மேல் நாயின் நகங்கள் அவ்வளவு உராய்வைப் பெறுவது அரிது. ஒவ்வொரு வளைவிலும் அது சறுக்கும், தசை சோரும், அஞ்சும். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றே இக்குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடும். உட்செவியின் சமநிலை உறுப்பும் கண்ணும் முரண்பட்ட செய்திகளை மூளைக்கு அனுப்புவதால் வரும் குமட்டலுக்கு, புறப்படுமுன் சில மணி நேரம் உணவளிக்காதிருப்பதும் வளைவுகளில் விரைவைக் குறைப்பதும் துணைசெய்யும்.

வெப்பமே கோம்பை அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் பெரும்பகை. நாய் தோலால் வியர்ப்பதில்லை. பாதத்தில் மட்டும் சிறிது வியர்க்கும். நாக்கிலும் மூச்சுவழியிலும் நீரை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. 25 கிலோ நாயின் உடல் ஒரு பாகை தணிய ஏறத்தாழ 36 கிராம் நீர் ஆவியாக வேண்டும். அடைத்த வண்டியில் அதன் மூச்சே காற்றை ஈரமாக்கி ஆவியாதலைத் தடுக்கிறது. 2005ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியசு உயர்ந்ததையும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்ந்ததையும், கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தது பெரும்பயன் தராததையும் காட்டியது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை. 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே இடர். கம்பத்திலோ சின்னமனூரிலோ கடைவாசலில் வண்டியை நிறுத்தி நாயை உள்ளே விட்டுச் செல்வது எந்தக் கூண்டாலும் ஈடுசெய்ய முடியாத தவறு.

காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து ஓட்டுவதும் தீர்வாகாது. ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைவதால் புகைபோக்கியின் நச்சுவளியான கார்பன் மோனாக்சைடு உள்ளிழுக்கப்படும். பக்கச் சாளரங்கள் வழியாகக் காற்று வரட்டும். கூண்டின் மூன்று பக்கமேனும் கம்பியாக இருக்கட்டும். கூரையின் உட்புறம் வெப்பந்தடுக்கும் பஞ்சுத்தாள் ஒட்டப்படட்டும்.

தேவையற்ற வேதனை தரும் முறையில் விலங்கை ஏற்றிச்செல்வதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனி இயலே உண்டு. ஆயினும் மலைச்சாலையில் நாயைக் காப்பது சட்டத்தினும் மேலாகத் தச்சுவேலையும் கொல்லுவேலையும்தான். ஜீப்புக்குப் பாடி கட்டும் பட்டறையார்க்கு இவ்வளையங்களும் கம்பித் தடுப்பும் அரைநாள் வேலை. பணி முடிந்ததும் நாயை ஏற்றுமுன், அதே எடையுள்ள மணல்மூட்டையைக் கூண்டிலிட்டு, ஆளற்ற சமதரையில் வண்டியைச் சடுதியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கூண்டு விரலளவு நகர்ந்தாலும் பட்டையை மீண்டும் இறுக்குக. நகராத கூண்டே நாய்க்கு உரியது.