வெட்ட வெட்டத் தழைக்கும் அருகு

உலகெங்கும் உழவர்களை வாட்டும் களைகளைப் பற்றி 1977-இல் ஒரு பெருநூல் வெளியானது. அதில் களைகளுக்குத் தரவரிசையும் உண்டு. முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகம்புல்லுக்கு. திண்டுக்கல் பக்கம் சோளக்காட்டில் களையெடுத்துப் பழகியவர்கள் இந்தத் தீர்ப்பைக் கேட்டால் தலையாட்டுவார்கள். ஆனால் இதே ஊரில் வீட்டு வாசலில் புல்தரை போட நினைப்பவருக்கு அந்த இரண்டாமிடக் களையை மிஞ்சிய துணை கிடையாது. காட்டில் அதை ஒழிக்க விடாத குணங்கள்தான் வாசலில் அதை வாழவைக்கின்றன.

சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடையே கிடக்கும் இந்தச் செம்மண் சமவெளியில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். புல்தரை என்றால் இரண்டையும் தாங்க வேண்டும்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையை இலைக்குள் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்னும் நொதி. வெப்பம் ஏற ஏற அதற்குத் தடுமாற்றம் வரும். கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தப் பிழையைச் சரிசெய்வதற்குள், சேர்த்து வைத்த கார்பனில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. இதை ஒளிச்சுவாசம் என்பார்கள். நெல்லில் இந்த இழப்பு நான்கில் ஒரு பங்கு வரை போகும்.

அருகு இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருக்கிறது. இலையின் வெளிப்பக்கச் செல்களில் வேறொரு நொதியை நிறுத்தியிருக்கிறது. அது ஆக்சிஜன் பக்கமே திரும்பாது. அது பிடிக்கும் கரியமில வாயு நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட அமிலமாகி, நரம்பைச் சுற்றியுள்ள உள்செல்களுக்குப் போய் அங்கே மீண்டும் வாயுவாக அவிழ்கிறது. மோட்டார் வைத்து மேல்தொட்டியை நிரப்புவதுபோல, ரூபிஸ்கோ இருக்கும் அறையில் கரியமில வாயுவை ஏற்றி ஏற்றி நிரப்புகிறது இந்தப் புல். ரூபிஸ்கோ தவறு செய்ய இடம் மிகக் குறைவு. பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில் இந்த ‘நான்கு கார்பன் வழி’யை 1966-இல் விளக்கினார்கள். நம் சோளமும் கம்பும் மக்காச்சோளமும் இதே வழிக்காரர்கள்தான். இலைத்துளைகளை அகலத் திறக்காமலே காரியம் நடப்பதால், ஒரு கிராம் உடல் வளர்க்க நெல்வகைப் பயிர்கள் செலவழிக்கும் நீரில் ஏறத்தாழ பாதியே இவற்றுக்குப் போதும்.

மோட்டார் ஓட மின்சாரம் வேண்டுமே! இங்கே அது சூரிய ஒளி. வேப்பமரத்தடியில் அருகு சோர்ந்து, நீண்டு, இடைவெளி விட்டுப் போவதற்கு இது ஒரு காரணம். நிழல் விழும் மூலையில் அருகோடு மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே நர்சரிகளில் கிடைக்கும் அகன்ற இலைப் பஃபலோ புல்லை வைத்துவிடலாம்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். கோடையில் புல்தரை ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீரை ஆவியாக விடும். ஒரு சென்ட் புல்தரைக்கு அது 200 லிட்டர், அதாவது பதின்மூன்று குடம். இதைத் தினமும் மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நின்றுவிடும். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, அந்த நாட்களுக்கான நீரையெல்லாம் சேர்த்து ஆழமாகப் பாய்ச்சினால் வேர் ஈரத்தைத் தேடி இறங்கும். அருகின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. பாய்ச்சிய பிறகு நீளமான ஆணி ஒன்றைத் தரையில் அழுத்திப் பாருங்கள். அரை அடி எளிதாக இறங்கினால் தண்ணீர் போதும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்ற கவலைக்கும் அருகிடம் பதில் உண்டு. அதன் இலைப்பரப்பில் இரண்டே செல்களால் ஆன நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. வேர் வழியே ஏறிவந்த உப்பில் ஒரு பகுதியை அவை இலைக்கு வெளியே தள்ளிவிடுகின்றன.

வெட்டுவதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மாஞ்செடியின் நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும்; புல்லின் இலையை வெட்டினால் அது பாட்டுக்கு நீள்கிறது. காரணம், இலை அடியிலிருந்து வளர்கிறது. வளரும் திசு மண்ணை ஒட்டி, மாட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில் பதுங்கியிருக்கிறது. மேலே வெட்டு விழுந்தால் பக்கமொட்டுகள் விழித்துக்கொண்டு தரையை இன்னும் அடர்த்தியாக மூடுகின்றன. இங்கிலாந்தில் எட்வின் படிங் 1830-இல் முதல் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை நறுக்கிய கருவிதான் அவருக்கு வழிகாட்டி.

ஆனால் வெட்டுக்கும் அளவுண்டு. அமெரிக்காவில் கிரைடர் என்ற ஆய்வாளர் 1955-இல் வெளியிட்ட சோதனைகளில், இலைப்பரப்பில் பாதிக்கு மேல் வெட்டப்பட்ட பெரும்பாலான புற்களில் வேர் வளர்ச்சி நாட்கணக்கில் நின்றுபோனது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். அருகை ஒன்று முதல் ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்தால் போதும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விடுங்கள். அவற்றிலுள்ள தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும்.

இனி ஈரக்காலம். ஐப்பசி விடியலில் புல்தரை அருகே குனிந்து பாருங்கள். இலை முழுக்க நுண்ணியதாகப் படர்ந்திருப்பது பனி. மிகச் சரியாக இலையின் நுனியில், இலைக்கு ஒன்றாகத் தனித்து நிற்கும் உருண்டைத் துளியோ புல்லே கசியவிட்டது. காற்றில் ஈரம் மிகுந்த இரவில் இலை நீரை ஆவியாக்க முடியாது. வேரோ நீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் நுனி வழியே நீர் பிதுங்கி வருகிறது. இதற்கு நீர்க்கசிவு என்று பெயர். இந்தத் துளியில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். பூஞ்சைக்கு அது விருந்து. இலை மணிக்கணக்கில் நனைந்தே கிடந்தால் பூஞ்சை வித்து முளைத்து உள்ளே நுழைந்துவிடும். பிறகு வைக்கோல் நிறத்தில் வட்ட வட்டமாகப் புல் காயும். கோல்ஃப் மைதானங்களில் காலையில் நீண்ட மூங்கில் கழியால் புல்லைத் தடவிவிடும் வழக்கம் இதற்காகத்தான். வீட்டில் ஒரு கயிற்றைத் தரைமேல் இழுத்தாலே துளிகள் உதிர்ந்துவிடும். மாலையில் தண்ணீர் தெளிப்பதையும் மழை மாதங்களில் யூரியா போடுவதையும் தவிர்த்துவிட்டால் பாதி நோய் எட்டிப்பார்க்காது.

மழையோடு கோரையும் வரும். சந்தேகமாக இருந்தால் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். கோரை முக்கோணமாக இடறும். அருகு அப்படி இடறாது. கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி முளைக்கும். குச்சியால் கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

புல்தரை தொடங்கச் செலவும் பெரிதில்லை. அருகின் தண்டில் ஒவ்வொரு கணுவிலும் வேர்விடவும் துளிர்க்கவும் ஒரு மொட்டு காத்திருக்கிறது. வரப்பிலிருந்து ஒரு கூடை அருகை வேரோடு எடுத்து, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, செம்மண்ணும் சாணமும் சேர்த்துக் கூழாகக் கரைத்து, கோரை நீக்கிச் சமன்செய்த தரையில் பூசிவிடுங்கள். புரட்டாசியில் பூசினால் அடுத்து வரும் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். வெயில் விழும் வாசல் இருந்தால் இந்த ஆண்டே முயன்று பாருங்கள்.